கப்பல் நேரம்

என் போனில் எப்போதும் தப்பான மணிதான் ஓடும். தெரியாமல் நடந்ததல்ல, நானே வைத்தது. போன் தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, என் கணவரின் கப்பலில் என்ன மணியோ அதைக் கையால் வைத்துக்கொள்வேன். கப்பல் போகப் போக அவர்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள். எனக்கு ஒரு வரி மெசேஜ் வரும். நானும் திருத்துவேன். ஊர் மணி வேண்டுமென்றால் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. உலகக் கடிகாரம் போனிலேயே உண்டே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஊர்ப் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடுக்கடலுக்கு யார் ஊர்ப் பெயர் வைத்தார்கள்?

எனக்கு அந்த மணி ஒரு துணை. அவர் இஞ்சின் ரூமில் வேலை பார்ப்பவர். பழைய கப்பல், ஆள் நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய இஞ்சின். பகலானாலும் ராத்திரியானாலும் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கினால் நாலு மணிக்குத்தான் மேலே வருவார். போனை எடுத்துப் பார்த்தால் போதும், இப்போது சாப்பிடுகிறார், இப்போது தூங்குகிறார், இப்போது கீழே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது ஒன்றரை வருஷம்கூட இருக்காது. மற்ற நாளெல்லாம் அந்த மணியோடுதான் குடும்பம் நடத்தினேன்.

கடைசியாகப் பேசியபோது சண்டை போட்டேன். வேலை முடிந்து அவர் கூப்பிடும் நேரம் எனக்குக் காலை ஏழரை, பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம். "பதினொன்றரைக்குக் கூப்பிட்டா என்னவாம்? ஆபீஸ்ல டீ குடிக்கிற நேரம், நிம்மதியாப் பேசலாம்லா" என்றேன். "அந்நேரம் நான் தூங்கணும்ளா. அடுத்த டூட்டிக்கு எறங்கணும்லா" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "சரி, பாக்கேன்" என்றார். அதன் பிறகு ஒன்பது நாளாகப் பேச்சில்லை. கப்பலில் நெட் கார்டு தீரப்போகிறது, இனி அடுத்த துறைமுகத்தில்தான் கிடைக்கும் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்திருந்தது.

கப்பல் அப்போது பசிபிக் கடலில். எனக்கும் அவருக்கும் பதினைந்தரை மணி நேர வித்தியாசம். நான் செவ்வாய்க்கிழமை காலையில் இட்லி அவிக்கும்போது அவருக்குத் திங்கட்கிழமை சாயங்காலம்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டது, சுவரில் எட்டேகால். மும்பையிலிருந்து கப்பல் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். எழுதி வைத்ததை வாசிக்கிற குரலில் இங்கிலீஷில் சொன்னாள். இஞ்சின் ரூமில் தீ. அணைத்துவிட்டார்கள். சிலருக்குக் காயம். யாருக்கு என்ன என்பதைக் குடும்பங்களுக்கான ஆப்பில் போட்டிருக்கிறோம், பதிவு செய்த போனில் மட்டும்தான் திறக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். முதலில் வாயில் வந்தது அதுதான்.

கப்பல் நேரம் பகல் ஒன்று பத்து என்றாள்.

ஒன்று பத்துக்கு அவர் கீழே. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, அந்த மணியைத்தான் நான் மாதக்கணக்கில் கையில் வைத்திருந்தேன். அவர் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். போனில் சொல்ல அனுமதி இல்லை என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் பிஸி.

ஆப்பைத் தொட்டேன். இது பழைய பதிப்பு, புதுப்பித்தால்தான் திறக்கும் என்றது. புதுப்பிக்கிற பட்டனைத் தொட்டேன். ஸ்டோர் திறந்து, ஒரு வட்டம் சுற்றி, 'இணைக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்' என்றது. மீண்டும் முயன்றேன். அதே வட்டம், அதே வரி.

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கே எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பதறினாலும் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியும் என்ற திமிர் இருந்தது. வைஃபையை அணைத்து டேட்டாவில் பார்த்தேன். டேட்டாவை அணைத்து வைஃபையில் பார்த்தேன். ஃபிளைட் மோடில் போட்டு எடுத்தேன். போனை அணைத்து, அது திரும்ப உயிர் பெறும் வரை நின்றுகொண்டே இருந்தேன். ஸ்டோர் சேர்த்து வைத்திருந்த குப்பையை அழித்தேன். இடம் போதவில்லையோ என்று வீடியோக்களை அழித்தேன், போன லீவில் அவரை எடுத்தது அதில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஆப்பையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். எடுத்த பிறகு ஸ்டோர் தரவில்லை என்றால் உள்ளதும் போய்விடுமே என்று விரலை இழுத்துக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். 'இணைக்க முடியவில்லை' என்ற வரியை ஏழாவது எட்டாவது முறை படிக்கும்போது அது ஸ்டோர் சொல்வதாகவே எனக்குப் படவில்லை, அவரைப் பற்றிச் சொல்வதாகப் பட்டது.

அப்போதுதான் வேம்பார்க்காரியின் நினைப்பு வந்தது. அவள் கணவரும் அதே கப்பலில் அதே வேலை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், இங்கே ஒரு ஜவுளிக்கடைக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறவள். கையில் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போனை அவள் கணவர் கப்பலுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனியில் கொடுத்திருந்ததோ அந்த ஸ்மார்ட்போன் நம்பரைத்தான். அவளுக்கு யாரும் சொல்லியிருக்க வழியில்லை. கூப்பிட்டேன்.

"ஏளா, கப்பல்ல இஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சிட்டாம்."

"எத்தன மணிக்குக்கா?" என்றாள். கப்பல்காரன் பெண்டாட்டி எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம்தான்.

"அங்கன பகல் ஒண்ணு பத்து."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "எங்க வீட்டு ஆளுக்கு நாலுல இருந்து எட்டு. அந்நேரம் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பாரு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஏக்கா... அண்ணன் பன்னெண்டு-நாலுல்லா?"

அந்த நொடியில் அவளை வெறுத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் புருஷன் தூங்குவதும் என் புருஷன் நெருப்புக்குள் நிற்பதும் அவளே பங்கு பிரித்துக் கொடுத்ததுபோல அவள்மேல் ஆத்திரம் வந்தது.

"நீங்க பயப்படாதீங்க" என்றாள். "அண்ணன் வெவரமானவரு. ஒண்ணும் ஆயிருக்காது. நான் பஸ்ல ஏறிட்டேன், சாமி கும்பிட்டுக்கிட்டே வாரேன். ஆப் தெறந்ததும் எனக்குக் கூப்பிடுங்க. அப்படியே எங்க ஆளு பேரையும் ஒரு வாட்டி பாத்துருங்க, சும்மா."

தெருமுனையில் செல்போன் கடை. கடை அண்ணாச்சிக்கு மாடியில்தான் வீடு. ஷட்டரைத் தட்டினேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு இறங்கி வந்தார். நான் அழுதுகொண்டே என்ன சொன்னேனோ, பாதிதான் புரிந்திருக்கும். போனை வாங்கிப் பார்த்தார். ஸ்டோரைத் திறக்கவேயில்லை. திரையின் மேல் மூலையைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் போனுக்கு இன்னும் திங்கக்கெழமதான் போல."

"அது நான் வேணும்னு வச்சது, அண்ணாச்சி. கப்பல் நேரம்."

"நீங்க வேணும்னு வச்சது ஸ்டோருக்குத் தெரியாதுல்லா. தேதி பொருந்தலன்னா அது கதவத் தெறக்காது. மாத்தவா?"

வெட்கமும் பயமும் ஒன்றாக ஏறின. ஆபீஸில் யார் வந்து சைட் திறக்கவில்லை என்றாலும் நான் முதலில் சொல்கிற வார்த்தை, 'தேதி சரியா இருக்கான்னு பாருங்க' என்பதுதான். ஊருக்குத்தான் உபதேசம். ஒரு மணி நேரமாக அந்தத் தப்பான மணியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் எங்கே நின்றிருப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன், அது தப்பான மணி என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

ஆனாலும் 'மாத்துங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. சிரிப்பாக இருக்கலாம். அவர் கடலேறியதிலிருந்து ஒரு நாள்கூட நான் அந்த மணியை விட்டதில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத நேரத்தில் அதை எடுக்கச் சொன்னது, உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடச் சொன்னது மாதிரி இருந்தது. அண்ணாச்சி அவசரப்படுத்தவில்லை. போனை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே மாத்துங்கம்மா."

மாற்றினேன். திரை செவ்வாய்க்கிழமைக்கு வந்தது. ஸ்டோர் ஒரு தடவை சுற்றித் திறந்துகொண்டது. ஆப் இறங்கி முடியும்வரை கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஓடிபி வந்தது. இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறையும் தப்பினால் பூட்டிக்கொள்ளும் என்று எச்சரித்தது. அண்ணாச்சி ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார், நான் அடித்தேன்.

கப்பலில் இருந்தவர்கள் எல்லார் பெயரும் வரிசையாக வந்தது. என் கணவர் பெயர் நடுவில் இருந்தது. பக்கத்தில் பச்சையில், 'சேஃப்'.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. சிரித்தேன், மூக்கைச் சிந்தினேன், அண்ணாச்சியிடம் காட்டினேன். ஒன்று பத்துக்குக் கீழே நின்றவர் எப்படித் தப்பினார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. சும்மா பார்க்கச் சொன்னாளே என்று பட்டியலில் கீழே போனேன்.

வேம்பார்க்காரியின் கணவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு. பணியில் இருந்தார், தீக்காயம், ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோகிறார்கள், நிலை கவலைக்கிடம்.

பணியில் இருந்தார் என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தேன். நாலு மணிக்கு இறங்க வேண்டியவர் ஒன்று பத்துக்குக் கீழே எப்படி இருந்தார்? எனக்கு விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. 'பாக்கேன்' என்று சொன்னவர் பார்த்துவிட்டார். நாலிலிருந்து எட்டு மணி டூட்டி பார்த்தால் அவர் மேலே வரும் நேரம் எனக்குப் பதினொன்றரை. நான் டீ குடிக்கிற நேரம். கூட்டாளியிடம் கேட்டு டூட்டியை மாற்றிக்கொண்டிருக்கிறார், நெட் இல்லாததால் இரண்டு பேருமே வீட்டில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கப்பலின் சாட்டிலைட் போனில் பேசியபோது அவர் வாயாலேயே அதைச் சொன்னார்.

வேம்பார்க்காரியின் கணவர் பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கையும் பழையபடி மடங்காது, கப்பல் வேலை இனி இல்லை, ஆனால் பிழைத்துக்கொண்டார். அன்று காலை கடைப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது. சிவப்பில் இருந்த அந்த வரி மட்டும்தான் தெரியும். நான் கேட்டதற்காக அவர் அங்கே நின்றார் என்பதும் தெரியும்.

அவளைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே கூப்பிட்டாள். பஸ் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசினாள்.

"ஏக்கா, தெறந்துட்டா?"

"தெறந்துட்டு."

"அண்ணன்?"

"நல்லாருக்காரு. காயம் ஒண்ணும் இல்ல."

"மாதாவே, ஒமக்குத் தோத்திரம்" என்றாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. என் புருஷனுக்காக அத்தனை பேர் நடுவில் நின்று அழுதாள். "நான் சொன்னேம்லாக்கா? சொன்னேம்லா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்நேரம் அவர் படுத்திருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

"ஏளா" என்றேன். "நீ உக்காந்திருக்கியா?"

"எங்கன உக்கார, ஒரே கூட்டம். ஏன் கேக்குதீங்க?"

"யாரையாவது எந்திரிக்கச் சொல்லிட்டு உக்காரு."

"கொஞ்சம் எந்திரிங்களேன்" என்று அவள் யாரிடமோ சொல்வது பஸ் இரைச்சலுக்குள் கேட்டது. ஏன் என்று அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.