மஞ்சள் தண்ணீரும் மல்துணிப் பட்டமும்

இருசம்மாளிடம் கிழிந்த பட்டத்தைக் கொடுத்தால் கிழிசல் தெரியாமல் திரும்பி வரும் என்பது குரும்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நாற்பத்தைந்தாம் ஆண்டுவாக்கில் எல்லோரும் அறிந்த சங்கதி. அந்தத் தொழிலை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊர்த்தெருவில் நூல் அறுந்த பட்டங்கள் ஆடிக்காற்றில் மிதந்து வந்து சேரிக் கூரைகளில் விழும். சேரிக்குள் கால் வைத்தால் தீட்டு என்று எவனும் எடுக்க வரமாட்டான். அப்படி விழுந்தவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே அவள் கைதேர்ந்தாள். தீண்டாமையால் சேரிக்கு ஒரு லாபம் உண்டென்றால் அது இது ஒன்றுதான்.

அவை ஆள் உயரத் துணிப்பட்டங்கள். மூங்கில் சிம்பில் மல்துணியை இழுத்துக் கட்டியவை. யுத்தத்தால் துணிக்குக் கண்ட்ரோல் வந்திருந்தது. உடுத்தவே துணி இல்லாதபோது பறக்கவிடப் புதுத்துணிக்கு எங்கே போவது? கிழிந்ததை ஒட்டித்தான் ஆகவேண்டும். தைத்தால் சுருக்கம் விழும். அதனால் இருசம்மாள் புளியங்கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, மாவாக்கிக் காய்ச்சிய பசையால் கிழிசலின் இருபுறமும் மெல்லிய ஒட்டுப் போடுவாள். பட்டத்தின் கிழியாத மறுபாதியிலும் அதே கனத்தில் சும்மா ஒரு ஒட்டு வைப்பாள்.

"ஒத்தக் காதுல தோடு போட்டா மூஞ்சி கோணிக்காதா? பட்டமும் அப்படித்தான்" என்பாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் சாமிதுரை வாயே திறக்கமாட்டான். வைத்திலிங்கத்தின் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைப்பது அவன் வேலை.

அந்த வைத்திலிங்கத்துக்கு நிலம் நிறைய, பட்டப் பைத்தியம் அதைவிட நிறைய. அவ்வருஷம் ஆடி பிறந்ததும் முதன்முறையாகத் தன் பட்டத்தை இருசம்மாளிடம் ஒட்டி வாங்கி, வறண்ட ஏரிக்குள் கீழத்தெரு நிலக்காரர் ஆண்டவரோடு ஒரு கை பார்த்தார். பட்டம் பனைமர உயரம் போனதும் ஒட்டு உரிந்து தொங்கியது.

"என்னாய்யா, உம் பட்டம் வேட்டி அவுந்து நிக்குது!" என்றார் ஆண்டவர். ஏரியே சிரித்தது.

வைத்திலிங்கம் நேரே வந்து சேரி முனையில் பட்டத்தை வீசியெறிந்தார்.

"ஏய் இருசா! என்னா பசை போட்ட? பதினெட்டாம் பெருக்குப் போட்டியிலயும் இது உரிஞ்சி வந்துச்சு, ஒம் புருசன் என் கெணத்துப் பக்கமே வரக்கூடாது, ஆமா!"

சாமிதுரைக்கு வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இருசம்மாள் பட்டத்தை எடுத்துப் பார்த்தாள். ஒட்டைச் சுற்றித் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை. முகர்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சேரிக்காரர் நிலக்காரரைக் கூப்பிடும் 'ஆண்டே'யை விடாமல் கேட்டாள்.

"ஆண்டே, பட்டத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனது யாரு? வயசுக்கு வந்துடுச்சா?"

வைத்திலிங்கம் விழித்தார். சேரி முனைக் கல்லின்மேல் பட்டத்தை வைத்துவிட்டு இருசம்மாள் விலகிப் போனபிறகு, அவர் மனைவி புஷ்பவல்லி செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துத் தீட்டைக் கழித்த பின்னரே பட்டம் வீட்டுக்குள் போயிருந்தது. சேரிக்காரர் அறுத்து, அடித்து, தூற்றிய நெல் அதே வீட்டுக் குதிருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் போகிறது. நெல்லை நனைத்தால் முளைத்துவிடும். நஷ்டம் வரும் இடத்தில் தீட்டு தானாகவே விலகிக்கொள்ளும்!

"தண்ணி பட்டா எம் பசை ஊறிப்போகும் ஆண்டே. ஒண்ணு தீட்டக் கழிங்க, இல்ல பட்டத்தப் பறக்க வுடுங்க. ரெண்டும் நடக்காது."

வைத்திலிங்கம் வீட்டில் போய்ச் சொன்னார். புஷ்பவல்லிக்கு உடனே ஒரு யோசனை. "தண்ணிதானே வேணாம்? சாம்பிராணி காட்டிடுவோங்க." இருசம்மாள் புதிதாக ஒட்டிக் கொடுத்த பட்டத்துக்குப் புஷ்பவல்லி தூபம் காட்டினாள். கங்கு தெறித்து நடுவில் உள்ளங்கை அகலம் பொத்தல்.

வைத்திலிங்கம் மறுபடியும் சேரி முனைக்கு வந்து நின்றார். இந்தத் தடவை குரலில் சுதி இறங்கியிருந்தது.

"எப்படியாவது சரி பண்ணிடு புள்ள."

"பண்ணிடலாம். ஆனா இனிமே கல்லுமேல வைக்க மாட்டேன். வூட்டுக்கு வந்து எங் கையால வாங்கிக்குங்க. நடுவுல யாரு என்னா பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டு போனா எம் புருசன் வேலையில்ல போவுது?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஆண்டவரின் சிரிப்பு காதில் கேட்டிருக்க வேண்டும். பதினெட்டாம் பெருக்கன்று காலையில், பிறந்ததிலிருந்து கால் வைக்காத சேரிக்குள் நடந்துவந்து, இருசம்மாளின் கையிலிருந்து பட்டத்தை வாங்கினார். வானம் இடிந்து விழவில்லை. ஒரு கோழி மட்டும் மிரண்டு ஓடியது.

நூல்கண்டு எடுக்க வீட்டுக்குப் போனால், புஷ்பவல்லி செம்போடு வாசலை மறித்து நின்றாள்.

"சேரிக்குள்ளயே போயிட்டு வரீங்களாமே!"

"ஊத்துறதுன்னா என் தலையில ஊத்து. பட்டத்துல ஒரு சொட்டு பட்டுச்சு, நடக்குறதே வேற!"

அவளும் சளைக்கவில்லை, செம்பு முழுவதையும் அவர் தலையில் கவிழ்த்தாள். கை நீட்டிப் பட்டத்தைத் தூரப் பிடித்தபடி, முழுக்க நனைந்து, மஞ்சள் குளித்த மாப்பிள்ளையாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார் வைத்திலிங்கம்.

"பட்டத்துக்குத் தெளிச்சியாய்யா?" என்று ஆண்டவர் மடக்கினார்.

"தெளிச்சா நீ ஜெயிச்சிடுவியே!"

அன்று காற்று பேய்போல் அடித்தது. ஏரிக்கரைக்கு வெளியே, ஊரார் அனுமதித்த தூரத்தில், இருசம்மாளும் சாமிதுரையும் நின்றார்கள். பட்டம் ஏறியது. பனையைத் தாண்டியது. குதித்தது, சுழன்றது, நிமிர்ந்தது. ஒட்டு அசையவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஆண்டவரின் பட்டம்தான் பழைய தையல் பிரிந்து இரண்டாகக் கிழிந்து இறங்கியது.

"நாளைக்குக் கெணத்துக்குப் போவலாமா புள்ள?" என்று சாமிதுரை அன்று முதன்முறையாக வாய் திறந்தான்.

"போ. மாடு ஒனக்காகக் காத்துக் கெடக்கும்."

பட்டம் பறந்ததும் ஊர் திருந்திவிட்டது என்று நான் கதை அளக்கமாட்டேன். கோயிலும் ஊர்க் குடிநீர்க் கிணறும் சேரிக்கு அப்படியே பூட்டித்தான் கிடந்தன. அறிவு சொன்னால் கேட்காதவர்கள், தோல்வி சொன்னதும் கொஞ்சம் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலையில் இருசம்மாளின் வாசலில் ஆண்டவர் நின்றார், தோளில் இரண்டு துண்டான பட்டத்தோடு.

"இருசம்மா... இதக் கொஞ்சம் பாக்குறியா?"

"பெரிய கிழிசலா இருக்கே ஆண்டே. தனியா முடியாது. உள்ள வந்து அந்த முனையப் புடிங்க."

ஆண்டவர் தயங்கினார். பிறகு குனிந்து உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் நல்லா இழுத்துப் புடிங்க. சாப்புடலையா?" என்றாள் இருசம்மாள்.