துறையடியில் மாமா பெய்த மூத்திரம்

மாமாவுக்கு மூத்திரம் போகாத கதையைச் சொல்லப்போகிறேன். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் இதைவிடப் பெருமையாகச் சொல்ல வேறு கதை இல்லை.

சண்டைக் காலம். எனக்கு எட்டு வயது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்துகொண்டிருந்த மாமாவை, அதாவது எங்களோடு ஒரே வீட்டில் இருந்த அம்மாவின் தம்பியை, ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்தது. வாவிக்கு அக்கரையில் இருந்த துறையடி முகாமில் சில நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வந்த கிழமையே சைக்கிளில் விழுந்து, கவட்டுக்குள் குறுக்குப் பார் அடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். கொஞ்ச நாள் காலை அகட்டி நடந்தார். பிறகு ஆறிவிட்டது.

சில மாதத்தில் நீர் நூலாக இறங்கத் தொடங்கியது. வேலியோரம் போனால் மனிதர் திரும்பி வரவே மாட்டார். நீர் இறங்கட்டும் என்று மாமி இளநீரும் நெருஞ்சி அவித்த தண்ணியும் மாறி மாறிப் பருக்கினார். மதகைப் பூட்டிவைத்துக்கொண்டு குளத்தை நிரப்பிய வேலைதான். ஒருநாள் காலை முற்றாக அடைத்துவிட்டது. வயிறு கல்லாகி, அவ்வளவு பெரிய மனிதர் பாயில் புரண்டு அழுதார். செத்துப்போவார் என்றே நினைத்தேன்.

‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடிவயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்து, பையொன்றைத் தொங்கவிட்டார்கள். எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டார். மாமா வாயைத் திறக்க முதலே மாமி முந்திக்கொண்டார்.

“சைக்கிள் பாரில விழுந்தவர்.”

டொக்டர் மாமியைப் பார்த்தார். வாசலில் துவக்கோடு நின்றவனைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே காயம் ஆறித் தழும்பாகி வழியை நெரித்துவிட்டது, கொஞ்சக் காலம் பொறுத்து வெட்டித் தைக்க வேண்டும் என்றார்.

அந்தப் பையோடு மாமா எத்தனை தரம் அக்கரைக்குப் போய்வந்தார். துறையடி முகாமின் சென்றிக் காவலில் ஒவ்வொரு தரமும் சாரனைத் தூக்கச் சொன்னார்கள். பையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் தழும்பை வெட்டியெடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். குழாயைக் கழற்றியபோது டொக்டர், சிலருக்குத் திரும்பவும் ஒடுங்கும், இடைக்கிடை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மறுகா வாறதை மறுகா பாப்பம் என்றார் மாமா.

கூட்டிவரப் போன மாமி, வீட்டிலிருந்த ஒரே சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் பின் கரியலில் இருந்தேன். துறையடியில் சோதனை முடிந்தது. பாதை இன்னும் எங்கள் ஊர்க் கரையில்தான் நின்றது. மாமா நேரே போய், மணல் மூட்டைகளுக்கு முன்னால் இருந்த கண்டல் பற்றையடியில் சாரனை மடித்துக்கொண்டு நின்றார்.

சென்றியில் நின்றவன் கத்தினான். துவக்கு நிமிர்ந்தது. ஆமியைக் கண்டால் தலை நிமிராத மாமி, சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போய்த் துவக்குக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றார்.

“கிறுகாதீங்க, இஞ்சால திரும்பாதீங்க,” என்றார் மாமாவிடம். “வடிவா முடிச்சுட்டு வாங்க.”

 மாமி இடத்தைவிட்டு அசையவில்லை. காய்ந்த இலைகளில் சடசடவென்று சத்தம் கேட்டது. மாமாவிடமிருந்து அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதேயில்லை.

“மூத்திரம் பெய்றன்,” என்றார் மாமா, சென்றிக்குக் கேட்கும்படி. “இப்ப நல்லாப் போகுது.”

அவன் சுடவில்லை.  நான் கரியலில் இருந்து கைதட்டிச் சிரித்தேன். டொக்டரின் தையல் எவ்வளவு திறம் என்று மாமா எல்லாருக்கும் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வழிநெடுக எத்தனையோ பற்றை இருக்க, அந்த முகாமின் முகத்துக்கு நேரே ஏன் போய் நின்றார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கன காலத்துக்குப் பிறகு, துருப்பிடித்த அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குக் கொடுக்க உருட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அந்த நாளில் இருந்தது அது ஒன்றுதான். மாமி ஓட்டிய பொம்பிளைச் சைக்கிள். அதற்குப் பாரே கிடையாது.