அது அருவிக் காய்ச்சல் இல்லை

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரத்தில் நடந்தது இது. எங்கள் வீடு இலஞ்சியில். நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் கணவர் ஆப்பிரிக்காவில், தான்சானியாவில் ஒரு சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியன். ரொம்ப நாள் கழித்து லீவில் வந்திருந்தார்.

வந்ததிலிருந்து ஐந்தருவி, ஐந்தருவி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் குடும்பத்தோடு போய் ஆசை தீரக் குளித்தோம். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், குளிருகிறது என்று பாதியில் கையைக் கழுவிவிட்டுப் படுத்தார். போர்வைமேல் போர்வை போட்டும் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். கொஞ்ச நேரத்தில் உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றி, ஒன்றுமே நடக்காதவர் போல எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், பழக்கம் விட்டுப்போன உடம்பு, அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அதற்கப்புறமும் நடுக்கம் திரும்பத் திரும்ப வந்தது. தலைவலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டார். கண் லேசாக மஞ்சளாகத் தெரிந்தது.

தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வீடியோ காலில் அவர் பேசும்போதெல்லாம் பின்னால் கொசுவலை தொங்கும். அவரோடு ரூமில் இருந்த கொல்லத்துக்காரர் மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொல்லியிருந்தார். அங்கிருந்து வந்த மலேரியாவாக இருக்குமோ என்று நான் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"ஏட்டி, டாக்டர்ட்ட ஆப்பிரிக்கான்னு வாயத் தொறந்துராத. மலேரியான்னு எழுதிட்டாங்கன்னா கம்பெனி மெடிக்கல்ல வம்பாயிரும். திரும்பக் கூப்பிட மாட்டானுவ."

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. குத்துக்கல்வலசையில் எங்கள் புது வீடு பாதி கட்டினபடி நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஆள் இருந்தால்தானே வேலை? அவரிடம் வாதாடவில்லை. ஆட்டோ பிடித்துத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே உட்கார இடமில்லை. அத்தனையும் காய்ச்சல் கூட்டம். எங்கள் முறை வந்ததும் அவரே முந்திக்கொண்டு, குற்றாலத்தில் குளித்தேன், அதிலிருந்துதான் என்றார். டாக்டரம்மாவும் வைரல் ஃபீவராக இருக்கும் என்று சொல்லி, மாத்திரை எழுத ஆரம்பித்தார். இவர் எழுந்துவிட்டார். நான் எழவில்லை.

"டாக்டர், இவுக ஆப்பிரிக்காவுல இருந்து வந்து ரெண்டு வாரந்தான் ஆவுது. அங்கன கூடத் தங்கியிருந்தவருக்கு மலேரியா. ரத்தம் பாக்காம நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "இத மொதல்லயே சொல்லணும்மா. எங்க இருந்து வந்திருக்காருன்னு முகத்தப் பாத்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமாக இல்லை, அவசரமாகச் சொன்னார். அப்போதே ரத்தம் எடுத்தார்கள். என் கணவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ரிசல்ட் வந்தது. மலேரியா இல்லை என்று இருந்தது.

இவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்குள் அவருடைய அண்ணனும் வந்து சேர்ந்திருந்தார். அதான் இல்லை என்று வந்துவிட்டதே, வீட்டுக்குப் போகலாம் என்றார். டாக்டரம்மா மட்டும், ஒரு தடவை பார்த்து முடிவு செய்ய முடியாது, கிருமி குறைவாக இருந்தால் தெரியாமல் போகும், அட்மிட் ஆகி மறுபடி பார்ப்பதுதான் நல்லது என்றார். ஆனால் கட்டாயப்படுத்தவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணன் சொல்லுக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"நீங்க போங்க அத்தான். அவுக வரமாட்டாக."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் போய் அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் வார்டில் கொடுத்த கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மறுபடியும் இல்லை என்றே வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும், தெரிந்துகொண்டுதான் போவது என்று மனதை இறுக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் மறுபடி ரத்தம் எடுக்க வந்தார்கள். நான் என்ன கேட்டாலும் அவருக்கு வாய் குழறியது. இந்த முறை மலேரியா தெரிந்துவிட்டது. அதிலும் மூளையைத் தாக்கக்கூடிய வகை. ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குள் போனார்கள். மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். வீட்டில் வைத்திருந்தால் காப்பாற்றியிருப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

அத்தான் ஃப்ளாஸ்க்கோடு வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காபியை டம்ளரில் ஊற்றி நீட்டினார். "நீ ஏதும் சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டார். அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

பிழைத்து எழுந்ததும் அவரே கம்பெனிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னார். உடம்பு தேறி, டாக்டர் சர்டிபிகேட்டோடு வரச் சொன்னார்களே தவிர, வேலை போகவில்லை. மறுபடி ஆப்பிரிக்கா கிளம்பும் முன் அதே டாக்டரம்மாவிடம் போய், மலேரியா வராமல் இருக்க என்ன மாத்திரை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். நான் சும்மா கூடப்போனேன்.

எங்கள் தெருவில் துபாய்க்கும் சவுதிக்கும் போய் வருகிறவர்கள் நிறைய. ஊருக்கு வந்து யாராவது காய்ச்சலில் படுத்தால், எங்கிருந்து வந்தீர்கள் என்று டாக்டரிடம் சொன்னீர்களா என்று நான் போய்க் கேட்டுவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தமாட்டேன். பயத்தாலோ மரியாதையாலோ வாயை மூடிக்கொண்டிருந்தால் எதை இழந்திருப்பேன் என்பது, ஒவ்வொரு நாளும் அவர் போனில் என்னை "ஏட்டி" என்று கூப்பிடும்போது எனக்குத் தெரிகிறது.