முகம் பார்க்காமல் கொடுக்க மாட்டோம்

காஜா பெராங் ஊரில் நாங்கள் பதினோரு பேர் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தோம். கூலிக்கு அல்ல. குண்டு விழுந்தால் அடிபட்டவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று ஜப்பான் சண்டைக்கு முன்பே ஊரில் ஒரு பட்டியல் போட்டார்கள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்காதவன். அன்று அந்தப் பக்கமாகப் போனேன், பெயரைக் கொடுத்தேன். என் ரத்தம் யாருக்கும் சேரும் வகை என்றார் மருந்து கட்டும் டிரஸ்ஸர். யாருக்கும் சேராத என்னிடம் அப்படி ஒன்று இருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஜப்பான்காரன் வந்த பிறகு, மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழைகளுக்காகச் சின்ன வைத்தியசாலை ஒன்று நடந்தது. அதற்கு ரத்தம் கொடுத்தது எங்கள் பதினோரு பேர் சங்கம். சங்கத்தின் செயலாளர் முன்பு ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அப்போதும் எல்லாரும் அவரைக் கிராணியார் என்றே கூப்பிட்டோம்.

ரத்தத்தை எடுத்து வைக்கும் வசதி கிடையாது. டிரஸ்ஸர் உடைந்த வெள்ளைத் தட்டில் கொடுப்பவர் ரத்தத்தையும் நோயாளி ரத்தத்தையும் துளித்துளியாகக் கலந்து பார்ப்பார். திரிந்த பால்போல் கட்டி தட்டினால் ஆகாது. தட்டாவிட்டால் படுக்க வைத்து, போத்தலில் எடுத்து, உடனே ஏற்ற வேண்டும். உறையாமலிருக்க அதில் ஊற்றும் உப்பு மருந்து அருகிப்போனதால், ஏறி முடியும்வரை ஒருவர் போத்தலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கொடுத்தவர் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு தின்றுவிட்டு, வார்டுக்குப் போய் வாங்கிக்கொண்டவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். சலவைக்கார அக்கா ஏற்படுத்திய வழக்கம் அது. பதினோரு பேரில் அவர் ஒருவர்தான் பெண். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் பெண்களுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்.

"ரத்தம் குடுத்தா தங்கச்சி மொறை ஆயிரும். எனக்கு இன்னும் பொண்ணு அமையல லா."

"ஒன் மூஞ்சிக்கு ஊருல பாதிப் பேரு தங்கச்சியானாலும் ஒண்ணும் கொறையாது," என்பார் அக்கா.

ஒரு நாள் கிராணியார் அந்த வழக்கத்தை நிறுத்தினார். வார்டில் கூட்டம் கூடாது, நோய் பரவும் என்றார். படித்தவர் சொல்கிறார் என்று நாங்களும் கையை நீட்டினோம், கிழங்கைத் தின்றோம், வீட்டுக்குப் போனோம். பல மாதம் அப்படியே போயிற்று. அது எங்கள் தப்பு. அவர் தப்பு பிறகுதான் தெரிந்தது.

கண்டுபிடித்தது அக்கா. வைத்தியசாலைத் துணிகளை அவர்தான் வெளுத்தார். ரத்தம் ஏற்றினால் ஊசி குத்திய இடத்தில் படுக்கை விரிப்பில் பொட்டுப்பொட்டாகக் கறை விழும். துவைக்கும் கல்லருகே என்னைக் கூப்பிட்டு இரண்டு விரிப்புகளை விரித்துக் காட்டினார்.

"இது பொம்பள வார்டு. நாலு வாரமா ஒரு பொட்டு இல்ல. இது பாரு, பக்கத்து அறை. கொசுவல போட்ட கட்டிலு. எல்லாம் பொட்டு."

"அங்க யாருக்கா படுத்திருக்கா?"

"ஜப்பான் போலீசுக்கு மொழிபெயர்க்கிறவன். வயித்துப் புண்ணாம். எழுந்து நடக்கிறான், சுருட்டுப் பிடிக்கிறான். ஒடம்பு தேற எளவட்ட ரத்தம் ஏத்திக்கிறான். நம்ம என்ன, கோழி சூப்பா?"

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஆள் வந்தது. பிள்ளை பெற்ற ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை. புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் அக்காவும் ஓடினோம். போகும் வழியில் வார்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வாழைத்தண்டு நிறத்தில் கிடந்தாள்.

தட்டில் கலந்து பார்த்தார்கள், கட்டி தட்டவில்லை. போத்தல் நிறைந்தது. டிரஸ்ஸர் ஊசியை உருவியதும் எழுந்து உட்கார்ந்து போத்தலை நானே வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. வயிற்றோடு அணைத்து ஆட்டத் தொடங்கினேன்.

கிராணியார் கையை நீட்டினார். "குடு தம்பி. நான் கொண்டு போறேன்."

"எங்கே?"

"உள்ளே."

"உள்ளே ரெண்டு கதவு இருக்கு ஐயா."

அவர் முகம் மாறியது. அக்கா பக்கத்து அறைக் கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார். கிராணியார் குரலைத் தாழ்த்தினார்.

"சயாமுக்கு ஆள் பிடிக்கிற பட்டியல் அந்த அறையிலே படுத்திருக்கிறவர் கையிலே இருக்கு. உங்க பதினோரு பேரும் அதிலே ஏன் இல்லேன்னு நெனக்கிறே? இன்னிக்கும் கேட்டு அனுப்பியிருக்கார். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு எடுத்துக்கலாம்."

"நாளைக்கு அவ இருக்க மாட்டா."

"நான் உங்களைக் காப்பாத்தியிருக்கேன்டா!"

அதில் பொய் இல்லை. என் வயதுக்காரர்கள் பலர் லாரியில் போய்த் திரும்பவில்லை, நான் மிஞ்சியிருந்தேன். தலை சுற்றியது. போத்தலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"எங்களைக் கேட்டீங்களா?" என்றேன். "எங்க ஒடம்புலேருந்து எடுத்து, எங்களுக்குத் தெரியாம, எங்களுக்காகக் குடுத்தீங்க. கேட்டிருந்தா ஒருவேளை சரின்னுகூடச் சொல்லியிருப்போம். கேக்கலையே."

"படிக்காத பயலுக்கு என்ன தெரியும்?"

"படிக்காதவன்தான். இது என்னோடதுன்னு தெரியும்."

டிரஸ்ஸர் போத்தலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இது ரத்தமா இருக்காது, ஈரலா இருக்கும்." சொல்லிவிட்டு ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் வார்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். கிராணியார் என் சட்டையைப் பிடித்தார். அது நைந்த துணி, கிழிந்து அவர் கையோடு போயிற்று.

அக்காவும் வந்து சேர்ந்தார். அரைச் சட்டையோடு கட்டில் அருகே நின்று, கடைசிச் சொட்டு இறங்கும்வரை போத்தலைத் தூக்கிப் பிடித்து ஆட்டினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"யாருக்கா இவன்? பொண்ணு பாக்க வந்தவனாட்டம் மொறச்சுக்கிட்டு நிக்கிறான்."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் பிள்ளை அழுதது.

மதியத்துக்குள் துவைக்கும் கல்லருகே எல்லாரும் கூடிவிட்டோம். இனி முகம் பார்க்காமல் யாரும் கையை நீட்டுவதில்லை என்றார் அக்கா. மூன்று பேர் பயந்து விலகிக்கொண்டார்கள். பிள்ளை குட்டிக்காரர்கள், நான் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் சரி என்றார்கள். மாட்டுவண்டிக்காரர்கூடத் தலையாட்டினார்.

அந்த மொழிபெயர்க்கிறவன் என்னைத் தேடுவான், நான் ஊரில் இருந்தால் எல்லாருக்கும் ஆபத்து. மூட்டை கட்ட என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. போகும் வழியில் வைத்தியசாலை வாசலில் கிராணியார் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

"பட்டியல்ல என் பேர எழுதச் சொல்லுங்க," என்றேன். "எதுக்காகன்னும் பக்கத்துல எழுதச் சொல்லுங்க."

வெயில் சாய்வதற்குள் நான் புக்கிட் ரம்பாய் ஊரைத் தாண்டியிருந்தேன். பசித்தது.