பெட்டியில் ஒரே ஒரு சீட்டு

கோபம் என் உடம்புக்குப் பொருந்தாது. கோபம் வந்தால் குரல் கீச்சென்று மேலே ஏறிவிடும். எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். அதனால் எழுதித் தீர்க்கிறேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும் உண்டு. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை வந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், என்ன படிப்பு, என்ன சாதி என்று ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். தொப்பி கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தால், தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் விற்க வந்தவன் மாதிரி இருந்தேன்.

யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் வாயால் கேட்கக் கூடாது. சின்னங்கள் அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். அவர்கள் குறி போட்டு, மடித்து, பெட்டிக்குள் போடுவார்கள். ஆபீஸ் பெட்டி எனக்கு வந்து சேரவில்லை. வீட்டிலிருந்த மைசூர்பாக் அட்டை டப்பாவில் வாய் கீறி, டேப் ஒட்டி எடுத்துப் போனேன். அதை ஓட்டுப்பெட்டியாக ஏற்காதவை எறும்புகள் மட்டும்தான்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் விழுந்த முதல் பெயர் ஒரு பெண்மணியுடையது. பருத்தி எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். நெல் அறுத்த வயல்களில் கோடைப் பருத்தி வெடித்துக் கிடந்தது. பெண்கள் இடுப்பில் மடி கட்டி வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் மோட்டார் கொட்டகை நிழலுக்கு வந்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது சார். அப்பறம் நாத்துப் பறிக்கப் போயிட்டேன்."

"அரசியல்ல ஆர்வம் உண்டா?"

"எனக்கு என்ன ஆர்வம்? அவங்களுக்குத்தான் அப்பப்ப எங்க மேல ஆர்வம் வரும்."

சீட்டைக் கொடுத்துத் திரும்பி நின்றேன். அவரும் எனக்கு முதுகு காட்டிக் குறி போட்டு, பாக்குத்தூள் பொட்டலம் அளவுக்கு மடித்து மடித்து உள்ளே போட்டார்.

அப்போதுதான் புல்லட் வந்தது. வயல்காரர். அந்த ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளரும் அவர்தான்.

"சார் எந்த ஊரு?"

"தஞ்சாவூருங்க."

"தஞ்சாவூர்ல எந்தத் தெரு?"

சாதிக் கேள்வியை நான் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்து, எச்சில் விழுங்கி விழுங்கிக் கேட்பேன். அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் கேட்டுவிட்டார்.

"இந்தச் சனத்துக்கெல்லாம் நானே சொல்றேன், எழுதிக்கங்க. எல்லாம் நம்ம கட்சிதான்."

"அவங்கவங்க சொல்லணுங்க. சீட்டுல போட்டுட்டாங்க. ரகசியம்."

"உள்ள எத்தனை சீட்டு கெடக்கு?"

படித்த வாய் அல்லவா, உடனே உண்மையைச் சொல்லிவிட்டது. "இதுதாங்க மொத சீட்டு."

"அப்பப் பிரிங்க. தெரிஞ்சிடப் போவுது."

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "தர முடியாது!" என்று கத்தினேன். கீச். அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பினார்.

"நாளைக்கு வேலைக்கு வரணுமில்ல? ஒம் புருசன் குத்தகைக்கு ஓட்டுற நெலமும் நம்மளதுதான? பெட்டியக் குடுக்கச் சொல்லு சார."

என் காது கொதித்தது. சட்டம், அரசியலமைப்பு, வகுப்பில் நான் வருடா வருடம் ஒப்பிக்கும் எதுவும் வாய்க்கு வரவில்லை.

அந்த அம்மாள் கொட்டகை நிழலை விட்டு வரப்பில் ஏறினார். வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யக்கா! எல்லாரும் வாங்க! சார் சீட்டு குடுக்குறாரு, ஆளுக்கு ஒண்ணு போடணுமாம்!"

குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்குச் சீட்டே கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் கரடியாய்க் கத்தியிருந்தார்கள். கொடுத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

"என்னடி இது, மைசூர்பாக் டப்பா?"

"போட்டாத் தருவாரோ என்னவோ, போடுடி."

ஒருத்தி வயல்காரரிடமே சீட்டை நீட்டினாள். "ஐயா, நீங்களும் ஒண்ணு போடுறீங்களா?"

டப்பா நிறைந்துவிட்டது. எந்தச் சீட்டு யாருடையது? இனி வயல்காரர் யாரை வேலையிலிருந்து நிறுத்துவார்? எல்லாரையும் நிறுத்தினால் பருத்தி செடியிலேயே கொட்டிப்போகும். "சீக்கிரம் எடுங்கடி" என்று வண்டியை உதைத்தார்.

ஆபீசில் எங்கள் மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாம்பிளே போச்சே சார்!" கொஞ்சம் யோசித்தார். "பொடிசா மடிச்சாங்கன்னு சொன்னீங்கல்ல? கொட்டிப் பாத்தா அந்தம்மா சீட்டைக் கண்டுபிடிச்சிரலாமே?"

புல்லட்டில் வந்தவர் மிரட்டிக் கேட்டதை இவர் சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டே கேட்டார். எது அவர் சீட்டென்று தெரியாது என்றேன். கீச். கணினி முன்னால் இருந்த பெண் சிரித்தாள். ஊரே ரத்து, வேறு ஊர் எடுங்கள் என்றார். ஐந்தாவதோடு நாற்றுப் பறிக்கப் போனவர் வெயிலில் நின்று சொன்ன அத்தனை பதிலும் குப்பைக்கு.

குப்பையை நானே எடுத்துக்கொண்டேன். எதிர் டீக்கடையில் விறகு அடுப்பு. டப்பாவை அப்படியே உள்ளே தள்ளினேன். நெய் ஊறிய அட்டை, குப்பென்று பிடித்தது.

"யாரு சார் ஜெயிப்பா?" என்றார் டீ மாஸ்டர், கழுத்து அட்டையைப் பார்த்து.

"டீயப் போடுங்கண்ணே!"

மறுநாள் மாற்று ஊருக்குப் போகும் பஸ் அந்த வயலைத் தாண்டியது. வரிசை குறையாமல் நின்றது. தலையில் துண்டு, இடுப்பில் மடி. அதில் அந்த அம்மாள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. கொட்டகை ஓரம் புல்லட் நின்றது. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அந்தப் புல்லட்காரனுக்கும் கடைசிவரை தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.