கால் பவர் கண்ணாடி

என் அக்காவைக் கட்டியவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்னறையில் கண் சோதிக்கிற நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, ஃபிரேம் அடுக்கிய அலமாரி. பின்னறையில் லென்ஸ் அரைக்கிற மிஷினும் நானும். பதினெட்டு வருடமாக இதே ஏற்பாடு. அத்தான் சீட்டில் பவரை எழுதி ஜன்னல் வழியாக நீட்டுவார், நான் அரைத்துக் கொடுப்பேன். எங்களுக்குள் அதிகம் பேச்சு கிடையாது. அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

ஆனால் பைக் ரேஸ் என்று வந்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. இத்தனைக்கும் அவர் ஓட்டுவது ஒரு கிழட்டு ஸ்கூட்டர். சைக்கிள்காரர்கள் மணியடித்து ஒதுங்கச் சொல்லிவிட்டு அதை முந்திப் போவார்கள். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிற சாலையை மூன்று நாள் அடைத்துவிட்டுப் பந்தயம் நடத்துவார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று நேரம் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே எங்கள் கடை கண்ணாடிக் கடையாக இருக்காது. சாயங்காலம் ஆனால் பேக்கரிக்காரர் வந்துவிடுவார். கணக்கு டீச்சர் வருவார், கையில் ஸ்டாப்வாட்சோடு. பத்து வருடத்துச் சுற்று நேரங்கள் அத்தனையும் டீச்சருக்கு மனப்பாடம். யார் ஜெயிப்பார், எந்த டயர் தாங்கும், எந்த வளைவில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று அரட்டை நடக்கும். ஓட்டுகிறவர்களுக்குப் பெயரே கிடையாது, வண்டியில் ஒட்டிய நம்பர்தான். அத்தானுக்கு எண்பத்தொன்று என்றால் உயிர். சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோல அந்த நம்பரைப் பற்றிப் பேசுவார்.

எங்கள் கூட்டத்தில் உண்மையிலேயே பந்தயத்தில் ஓட்டுகிற ஆள் ஒருவர்தான். பிளம்பர். நம்பர் முப்பத்தெட்டு. ஜெயிக்கிற ஆள் இல்லை, பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் எங்கேயாவது வந்து சேருவார். ஆனால் நம்ம ஆள். வருடம் முழுக்கக் குழாய் மாட்டிச் சேர்ப்பதையெல்லாம் அந்த வண்டிக்குக் கொட்டுவார்.

போன வருடம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கே பிறகுதான் தெரியவந்தது என்றாலும், ஒளித்துவைத்துக் கதை சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

பந்தயத்தன்று ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒரு ஆள் நிற்பார். எல்லாம் எங்களைப் போல ஆர்வத்தில் பெயர் கொடுத்தவர்கள்தான். ஒருநாள் வகுப்பு எடுத்து, கையில் கொடியும் கழுத்தில் அட்டையும் கொடுப்பார்கள். முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடியை வீச வேண்டும். மஞ்சள் கொடி தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. அத்தான் ஆறு வருடமாகப் பதினோராம் வளைவின் கொடிக்காரர். அந்த அட்டையைக் கடையில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

ஒன்பதாவது சுற்றில், அந்த வளைவைத் தாண்டியதும் ஒரு வண்டி சறுக்கி விழுந்தது. ஓட்டியவருக்கு அடி ஒன்றும் இல்லை, எழுந்துவிட்டார். வண்டி மட்டும் சாலை நடுவில் கிடந்தது. அத்தானுக்கு உதவியாக நின்ற ஆள் அதை இழுத்துப்போட ஓடினார். அத்தான் கொடியைத் தூக்க வேண்டும். அதே நேரம் முதலாவதாகப் போகிறவனின் பின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு எண்பத்தொன்று வருகிறது. முந்துவதற்குத் தோதான இடமே அந்த வளைவுதான். கொடி ஏறிவிட்டால் முந்த முடியாது. அத்தான் கொடியைக் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். எண்பத்தொன்று முந்தி, கிடந்த வண்டியை உரசாமல் தாண்டிப் போனது. அதற்கப்புறம் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம்தான்.

அந்த நேரத்துக்குள், ஒரு சுற்று பின்தங்கி அவர்களுக்குப் பின்னாலேயே வந்த முப்பத்தெட்டு கொடி நிற்கிற இடத்தைத் தாண்டியாகிவிட்டது. கிடக்கிற வண்டியைக் கண்டதும் பிரேக்கை அழுத்தி, புரண்டு, வைக்கோல் கட்டுகளில் போய் மோதினார். தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. சரி, எண்பத்தொன்று ஜெயித்ததா என்றால், அடுத்த சுற்றிலேயே செயின் அறுந்து ஓரமாக நின்றுவிட்டது.

விசாரித்தார்கள். கொடி காட்டினீர்களா என்று அத்தானைக் கேட்டார்கள். காட்டினேன் என்றார். பிளம்பரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கேட்டார்கள். "கொடிய நான் பாக்கல சார், என் தப்புதான்" என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு எங்கள் கூட்டத்தில் அவருக்குக் கொடிக்குருடன் என்று பெயர் விழுந்தது. வைத்தது பேக்கரிக்காரர். சிரித்துச் சிரித்துப் பரப்பியது நான். அத்தான் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். நல்ல மனுஷன், பிறத்தியார் மனம் நோகப் பேசமாட்டார் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்ததும் பிளம்பர் கடைக்கு வந்தார். கண் சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அவ்வளவு பெரிய கொடி எப்படி என் கண்ணுல படாம போச்சுன்னே புரியல. ஒரு தடவ நல்லா பாத்துச் சொல்லுங்க."

அத்தான் பார்த்தார். பலகையின் கடைசி வரிவரை, பொடி எழுத்தெல்லாம், பிளம்பர் கடகடவென்று வாசித்தது எனக்குப் பின்னறையில் கேட்டது. அப்படி வாசிக்கிறவருக்குக் கண்ணாடி எதற்கு? ஆனாலும் சீட்டு ஜன்னல் வழியாக வந்தது. இரண்டு கண்ணுக்கும் கால் பவர். இதைத் தொழிலில் இருக்கிற யாரும் மதிக்க மாட்டோம். ஜன்னல் கண்ணாடியை வெட்டி மாட்டினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சீட்டை நான் இரண்டு தரம் பார்த்தேன். ஜன்னல் வழியாக அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பதா என்று நினைத்தேனோ, நமக்கென்ன என்று நினைத்தேனோ, மிஷினைப் போட்டு அரைத்துவிட்டேன்.

"லேசான குறைதான் தம்பி. இதப் போட்டா சரியாயிடும்" என்றார் அத்தான். காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குக் கைமாறாக மறுநாள் பிளம்பர் பை தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கடையில் வருடக்கணக்காக ஒழுகிய குழாயை மாற்றிக் கொடுத்தார். அத்தான் அன்று மதியம் சாப்பிடாமல் டிபன் டப்பாவை அப்படியே திருப்பி எடுத்துப் போனார். அக்கா என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள், நான் ஏதோ சொல்லிவிட்டேன் என்று.

இந்த வருடப் பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, புதன்கிழமை சாயங்காலம். கடையில் பேச்சு களைகட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மழைன்னு ரேடியோவுல சொல்றான்" என்றார் பேக்கரிக்காரர். "மழ டயர் போட்டவன்தான் பொழைப்பான்."

"ரேடியோவ நம்பி நீங்க போன வருஷம் குடை எடுத்துட்டு வந்து வெயில்ல பிடிச்சுக்கிட்டு நின்னீங்க" என்றார் டீச்சர். "காஞ்ச ரோடுதான். எண்பத்தொண்ணு போன மாசப் பயிற்சியில ரெண்டு விநாடி கொறச்சிருக்கான். இந்தத் தடவ அவன்தான். என்ன, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

கடைசிக் கேள்வி அத்தானுக்கு. இந்த வருடம் முழுக்கவே அவர் எண்பத்தொன்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வயசாகிறது என்று நாங்களே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். "பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஃபிரேம் துடைத்தார்.

அப்போதுதான் பிளம்பர் உள்ளே வந்தார், கண்ணாடியோடு.

"வாய்யா கொடிக்குருடா" என்றார் பேக்கரிக்காரர். "வண்டி ரெடியா?"

பிளம்பர் சிரித்துக்கொண்டே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் ஓட்டல. பேர வாபஸ் வாங்கப் போறேன்."

அவர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, சும்மா வாபஸ் வாங்கினா ரெண்டு வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்க. உடம்பு காரணம்னு லெட்டர் இருந்தா விட்ருவாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுக்கணும். எனக்குக் கண்ணு சரியில்லன்னு கடை லெட்டர்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

"கண்ணாடிதான் போட்டுட்டீங்களே, ஓட்டலாமே" என்றார் டீச்சர்.

"ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடி வியர்த்துப் போயிடுது டீச்சர். கழட்டிட்டு ஓட்ட பயமா இருக்கு. எனக்கு அடிபட்டா பரவால்ல. கொடி தெரியாம போய், விழுந்து கிடக்கிற எவன் மேலயாவது ஏத்திட்டேன்னா?"

அத்தான் மேசை இழுப்பறையைத் திறந்து, கடைப் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். தேதி எழுதினார். பெறுநர் எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. நான் பின்னறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்ல" என்றார்.

பிளம்பருக்குப் புரியவில்லை. "இப்ப சரியாயிடுச்சா அண்ணே?"

"எப்பவுமே இல்ல. அன்னிக்கி நீ வரும்போது கொடியே இல்ல. நான் தூக்கல. எண்பத்தொண்ணு முந்தட்டும்னு பிடிச்சு வச்சிருந்தேன். நீ தாண்டின பிறகுதான் தூக்கினேன்."

இவ்வளவையும் அவர் தாளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பேக்கரிக்காரர் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் பிளம்பர்.

"மூணு எண்ணுற நேரம்."

பிளம்பர் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். உதடு அசைந்தது. "போதும்" என்றார். "மூணு இருந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம், நாங்களும் குறுக்கே விழுந்து தடுத்து ஏதாவது செய்திருப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"என் பொண்டாட்டி தினமும் காலையில வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி மாடிக்குப் போயி நிப்பா. நான் தெருக்கோடியிலேர்ந்து வண்டியில வருவேன். சில நாள் மஞ்சத் துண்டக் காட்டுவா, சில நாள் காட்ட மாட்டா. நான் சரியா சொல்றேனான்னு பாக்கறது. பத்து மாசமா ஒரு நாள்கூடத் தப்பினதில்ல. கண்ணாடியாலதான்னு நெனச்சோம். உங்க பேரச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டா அண்ணே."

அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிளம்பர் எழுந்து ஜன்னலுக்கு வந்து, கண்ணாடியை என் முன்னால் வைத்தார்.

"இத அரைச்சது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இதுல ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள். "தெரியும்" என்றேன். அவர் தலையாட்டினார். பதினெட்டு வருடத்தில் அந்த ஜன்னல் எனக்கு அவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கொடிக்குருடன் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவும் பயந்தேன்.

"லெட்டர் எழுதுங்க அண்ணே" என்றார் பிளம்பர். "கண்ணு நல்லாருக்குன்னு எழுதுங்க. கீழ, அன்னிக்கி நடந்ததையும் எழுதுங்க."

அத்தான் எழுதினார். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கமும் போனது. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்தி நீட்டினார். பிளம்பர் நின்றபடியே முழுதும் வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். டீச்சரும் பேக்கரிக்காரரும் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்திலிருந்த அட்டையை அத்தானே கழற்றி இழுப்பறையில் போட்டார். மறுநாள் பந்தய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அதை வாங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். மழை இல்லை. பதினோராம் வளைவுக்கு எதிர் மேட்டில், டீச்சருக்கு இரண்டு வரிசை பின்னால், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு கண்ணாடி இல்லாமல் ஓட்டினார். நேர்ச் சாலையில் நன்றாகத்தான் வந்தார். வளைவு வந்ததும் எல்லாரும் தலையைத் தாழ்த்தி உள்ளே பாய்கிறார்கள். அவர் மட்டும் பிடியைத் தளர்த்தி, தலையைத் தூக்கிக் கொடிக்காரரின் கையைப் பார்த்தார். கொடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். அப்புறம்தான் இவர் வளைந்தார். பதினெட்டுச் சுற்றிலும் அப்படித்தான். அங்கே மட்டும் நான்கு பேர் அவரை முந்தினார்கள்.

திரும்பி வந்தபோது அத்தான் கடையில் தனியாக இருந்தார். ரேடியோவைக்கூடப் போடவில்லை.

"எப்படி ஓட்டினாரு?"

"பதினேழாவது."

"பதினோராம் வளைவுல?"

நல்லா எடுத்தாரு என்று வாய்வரை வந்துவிட்டது. ஒருமுறை மென்று முழுங்கியதே போதும் என்று தோன்றியது.

"ஒவ்வொரு சுத்துலயும் அங்க வேகத்தக் கொறச்சு, கொடிக்காரன் கையப் பாத்துட்டுத்தான் போனாரு அத்தான்."

அவர் துடைத்த ஃபிரேமையே மறுபடி துடைத்தார். நான் பின்னறைக்குப் போய் மிஷினைப் போட்டேன். அரைக்க எதுவும் இல்லை. சத்தத்துக்காகத்தான் போட்டேன்.