ஆள் இல்லாத சீட்

எங்கள் கிடங்கில் என் அண்ணிக்கு 'ஈர்க்குச்சி' என்று பெயர். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. ஆனால் ஆண்களுக்குச் சமமாக வருஷக்கணக்கில் மூட்டை தூக்கியவள். போன மாதம் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டிலோ என் அண்ணன் முதுகு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இவளும் உட்கார்ந்துவிட்டால் அடுப்பு எரியாது.

மிச்சமிருந்த ஒரே வழி, மூட்டைகளை அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. சாப்பாட்டு நேரத்தில் டிரைவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டாள்.

சூப்பர்வைசர் முன்னால் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. அருமையாகத்தான் ஓட்டினாள். மேல் தட்டில் மூட்டைகளை வைக்கும்போது சரியாகப் போகிறதா என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். வண்டி பட்டென்று நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள், எட்டிப் பார்த்தாள், நின்றது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "சீட்டுக்கடியில சுவிட்ச் இருக்கு. எட்டிப் பாக்கறப்ப சீட்ல கனம் குறையுது. கனம் போதலன்னா, ஆள் இல்லன்னு வண்டி நின்னுடும். ஆம்பளைங்க எடைக்கு வச்சது."

"அதைக் கொஞ்சம் மாத்தி வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பாதுகாப்புக்கு வச்சதும்மா. அதுல எல்லாம் கை வைக்க முடியாது," என்றார் சூப்பர்வைசர்.

பாதுகாப்பாம், பெரிய பாதுகாப்பு! அந்த சீட்டைச் செய்த புண்ணியவான் வீட்டில் பெண்கள் யாரும் உட்கார்ந்ததே இல்லையா?

அண்ணி இறங்கவில்லை. "நான்தான் உக்காந்திருக்கேனே அண்ணா. கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுதும்மா. வண்டிக்குத் தெரியணுமே! நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வா, பாக்கலாம்," என்றார் சூப்பர்வைசர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அண்ணியும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அந்த வண்டியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அண்ணி பழையபடி மூட்டைப் பக்கம் வந்து நின்றாள். முதல் மூட்டைக்குக் குனிந்தவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தேன்.

"விடுடி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு பேரா தூக்கறதைப் பாத்தா இதுக்கும் ஆள் மாத்திடுவாங்க."